உறைந்துபோன ஏழு பேர்: ஒரு போதை ஊசி நடுமூளையில் செய்த வேலை

1982 ஜூலை. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரத்தில், சாண்டா கிளாரா வேலி மருத்துவமனைக்கு 42 வயதுக்காரர் ஒருவரைச் சிறைக்காவலிலிருந்து கொண்டுவந்தார்கள். பேச்சில்லை, அசைவில்லை. கண் இமைப்பதுகூட எப்போதாவது ஒருமுறைதான். உடம்பு முன்னோக்கி வளைந்து விறைத்திருந்தது, வாயோரம் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. மனநோய் முற்றி உடல் உறைந்துபோகும் கேட்டடோனியா நிலையாக இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். நடிக்கிறாரோ என்ற சந்தேகமும் இருந்தது.

அங்கே நரம்பியல் துறையைக் கவனித்துக்கொண்டிருந்தவர் வில்லியம் லாங்ஸ்டன். நோயாளியின் விரல்கள் மட்டும் லேசாக அசைவதைப் பார்த்த மருத்துவர்கள், கையில் ஒரு பென்சிலைக் கொடுத்து, அடியில் காகிதத்தை வைத்தார்கள். வெகு நேரம் எடுத்து, கோணல்மாணலாக அவர் எழுதினார். தனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பது தெரிகிறது, ஆனால் அது சரியாக வெளியே வரமாட்டேன் என்கிறது. எழுதியதன் சாரம் அவ்வளவுதான்.

இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்துவிடும். அம்மாவுக்கு நடுக்குவாதம். காலையில் மாத்திரை வேலை செய்யத் தொடங்கும் முன் கட்டிலில் உட்கார்ந்தபடி சொல்வார்: "மனசு எப்பவோ எழுந்து அடுப்படிக்குப் போயிடுச்சுப்பா, காலுதான் இன்னும் இங்கேயே கெடக்கு." மருந்துகள் நரம்பு மண்டலத்தில் எப்படி வேலை செய்கின்றன என்பதைத் தேடித் தேடிப் படிக்க வைத்தது அந்த வாக்கியம்தான். அப்படிப் படித்ததில் இந்த ஒரு நிகழ்வைப் போல எதுவும் எனக்கு விளக்கவில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

சரி, சான் ஹோசேவுக்குத் திரும்புவோம். உள்ளே விழித்திருக்கும் ஒரு மனிதர், வெளியே கல்லாகிவிட்ட உடல். முகத்தில் பாவம் இல்லை. கையை மடக்கி நீட்டினால் பல்சக்கரம் போல விட்டு விட்டு நகர்கிறது. ஒரு நரம்பியல் மருத்துவர் இதைப் பார்த்ததும் நினைப்பது பார்கின்சன் நோய், நாம் நடுக்குவாதம் என்று சொல்வது. ஆனால் அந்த நோய் பெரும்பாலும் அறுபதை ஒட்டி மெதுவாக வரும். ஒரு கையில் நடுக்கம், பிறகு நடையில் தளர்ச்சி என்று வருடக்கணக்கில் வளரும். இங்கே நடந்ததோ நாட்கணக்கில். அதுவும் பத்து வருடம் நோயோடு இருந்தவரின் முற்றிய நிலை.

விசாரித்ததில் அவருடைய தோழியும் அதே நிலையில் இருப்பது தெரிந்தது. அப்புறம் பக்கத்து ஊரான வாட்சன்வில்லில், ஜேம்ஸ் டெட்ரட் என்ற இன்னொரு நரம்பியல் மருத்துவரிடம் இரண்டு சகோதரர்கள் வந்திருந்தார்கள். இருபதுகளில் இருந்த இளைஞர்கள், அதே விறைப்பு. எல்லோருக்கும் பொதுவானது ஒன்றுதான்: தெருவில் புதிதாக விற்ற ஒரு "ஹெராயினை" நரம்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உடனே செய்தியாளர்களைக் கூட்டி எச்சரிக்கை விடுத்தார்கள். அதைக் கேட்டு இன்னும் சிலர் வெளியே வந்தார்கள். 1983இல் சயன்ஸ் இதழில் வந்த முதல் அறிக்கை நான்கு பேரைப் பற்றியது. 1985இல் ஏழு பேரின் விவரங்கள் வெளியாயின.

ஹெராயின் காலங்காலமாக மனிதரைக் கெடுத்திருக்கிறது, ஆனால் யாரையும் இப்படிச் சிலையாக்கியதில்லை. கைக்குக் கிடைத்த பொடியைச் சோதனைக்கூடத்தில் பார்த்தபோது அதில் ஹெராயினே இல்லை. பெதிடினின் உறவுக்கார மூலக்கூறு ஒன்றைச் சட்டத்தின் கண்ணில் படாமல் செய்து விற்க யாரோ முயன்றிருந்தார்கள். பிரசவ வார்டுகளில் வலிக்குப் போடும் அதே பெதிடின்தான். முயன்ற மூலக்கூறின் பெயர் எம்.பி.பி.பி. 1940களிலேயே மருந்து நிறுவன ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டு, சந்தைக்கு வராமல் நின்றுபோனது. அதைச் செய்யும்போது சூடும் அமிலமும் கொஞ்சம் கூடிவிட்டால் மூலக்கூறிலிருந்து ஒரு துண்டு கழன்று வேறொன்றாகிவிடும். அந்த வேறொன்று எம்.பி.டி.பி. நோயாளிகளில் இருவர் பயன்படுத்திய பொடியில் இருந்தது பெரும்பாலும் இதுதான். அவர்கள் காசு கொடுத்து வாங்கிய போதைப்பொருள் அதில் துளியளவே இருந்தது.

இதற்கு ஒரு முன்கதை உண்டு, யாரும் கவனிக்காமல் விட்ட முன்கதை. 1976இல் மேரிலாந்தில் 23 வயது வேதியியல் மாணவர் ஒருவர் இதே போதைப்பொருளை வீட்டிலேயே தயாரித்துப் பயன்படுத்தி வந்தார். ஒரு முறை அவசரத்தில் படிகளைச் சுருக்கினார். சில நாட்களில் உறைந்துபோனார். அவருக்கும் முதலில் கேட்டடோனியா என்றே மருத்துவம் நடந்தது. பிறகு நடுக்குவாதத்துக்குத் தரும் லெவோடோபா என்ற மருந்தைக் கொடுத்ததும் அசைந்தார். 1978இல் அவர் அளவு மீறிய கோகெயினால் இறந்தார். மூளையை அறுத்துப் பார்த்தபோது நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கருத்த பட்டை சிதைந்திருந்தது. அவருடைய வீட்டுக் கண்ணாடிக் கலன்களில் இருந்த பொருட்களை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். எலிகளுக்கு நிலையான கேடு எதுவும் வரவில்லை. குற்றவாளி மூலக்கூறு கையிலேயே இருந்தது, ஆனால் எலி சாட்சி சொல்ல மறுத்துவிட்டது. 1979இல் அந்த அறிக்கை சைக்கியாட்ரி ரிசர்ச் இதழில் வெளிவந்து கிடந்தது. கலிபோர்னியாவில் பொடியைப் பார்த்துக் குழம்பி நின்றவர்களுக்கு வழி காட்டியது இந்த அறிக்கைதான். இப்படி ஒரு தனி நோயாளியின் கதையைப் பொறுமையாக எழுதி வைத்தவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

கருத்த பட்டையில் என்ன நடந்தது

நைக்ராவில் இருப்பவை டோபமைன் செய்யும் நரம்பு செல்கள். இரண்டு பக்கமும் சேர்த்துச் சில லட்சம்தான். ஒவ்வொன்றும் நீண்ட இழைகளை மேலே ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதிக்கு அனுப்பி, அங்கே டோபமைனைச் சொட்டுகின்றன. எழ வேண்டும் என்று நினைத்தது எழுவதாக மாற அந்தச் சொட்டு வேண்டும். சொட்டியது அங்கேயே கிடக்கக் கூடாது. களத்தில் சிந்திய நெல்லைக் கூட்டி அள்ளித் திரும்ப மூட்டையில் போடுவதைப் போல, அதே செல் தன் டோபமைனை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இழுப்பதற்கென்றே செல்லின் சுவரில் ஒரு புரதம் இருக்கிறது. அதை டோபமைன் டிரான்ஸ்போர்ட்டர் என்பார்கள். கோகெயின் மூளையில் செய்யும் முக்கியமான வேலை இந்தப் புரதத்தை அடைப்பதுதான். அள்ளப்படாத டோபமைன் வெளியே நிற்க, அதிலிருந்து வருகிறது அந்தப் போதை.

இப்போது எம்.பி.டி.பியைப் பின்தொடருவோம். ஊசி வழியாக ரத்தத்தில் ஏறியது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களின் சுவர் மற்ற இடங்களைப் போல ஓட்டையானது அல்ல, கண்டதையும் உள்ளே விடாது. ஆனால் கொழுப்பில் கரையும் சிறிய மூலக்கூறுகளை அதனால் தடுக்க முடியாது. எம்.பி.டி.பி அப்படிப்பட்டது, எளிதாக நுழைந்துவிட்டது. இந்தக் கட்டத்தில் அது யாரையும் கொல்லாது. இதை நான் முதலில் படித்தபோது நம்பவே முடியவில்லை. நஞ்சு இன்னும் நஞ்சாகவே ஆகவில்லை.

நரம்பு செல்களுக்குப் பக்கத்தில் ஆஸ்ட்ரோசைட் என்ற பராமரிப்பு செல்கள் இருக்கின்றன. அவற்றில் மோனோஅமைன் ஆக்சிடேஸ்–பி என்ற நொதி உண்டு. தேவையற்ற அமைன்களை உடைத்துச் சுத்தம் செய்வது அதன் அன்றாட வேலை. எம்.பி.டி.பியும் ஓர் அமைன்தான் என்று அதை எடுத்து ஆக்சிஜனேற்றம் செய்கிறது. இரண்டு படிகளில் அது எம்.பி.பி. பிளஸ் என்ற நேர்மின்னூட்டம் கொண்ட மூலக்கூறாகிறது. அதாவது, விஷத்தைத் தயாரித்தது மூளையின் துப்புரவுப் பிரிவு.

மின்னூட்டம் கொண்டது தானாக எந்தச் செல்லுக்குள்ளும் நுழையாது. யாராவது இழுத்துக்கொள்ள வேண்டும். டோபமைன் டிரான்ஸ்போர்ட்டருக்கு எம்.பி.பி. பிளஸ் டோபமைனைப் போலவே தெரிகிறது. நெல்லோடு கல்லையும் சேர்த்து அள்ளுவது போல, டோபமைன் செல் அதைத் தானே உள்ளே கூட்டிச் சேர்க்கிறது. பக்கத்தில் இருக்கும் மற்ற நரம்பு செல்களில் இந்த இழுக்கும் புரதம் கிடையாது, அதனால் அவை தப்பிக்கின்றன. அத்தனை பெரிய மூளையில் இந்தச் சிறு பட்டையை மட்டும் அது குறிவைத்ததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

உள்ளே வந்ததில் ஒரு பகுதியை செல் சின்னச் சின்னப் பைகளில் அடைத்து ஒதுக்குகிறது. டோபமைனைச் சேமிக்கும் அதே பைகள். அந்த அளவுக்கு அது ஒரு பாதுகாப்பு. மிச்சம் செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் உள்பக்கம் எதிர்மின்னூட்டம் உள்ளது, ஆகவே நேர்மின்னூட்டம் கொண்ட எம்.பி.பி. பிளஸ் அங்கே குவிகிறது. குவிந்து, சுவாசச் சங்கிலியின் முதல் கண்ணியை அடைக்கிறது. செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யின் உற்பத்தி விழுகிறது. செல் பசியில் சாகிறது.

போதைக்காக அவர்கள் தேடிய மூலக்கூறும் இதுவும் ஒரே பாத்திரத்தில் பிறந்தவை, வித்தியாசம் கொஞ்சம்தான். ஒன்று வலியையும் சுகத்தையும் கையாளும் ஓபியாய்டு ஏற்பியில் போய் உட்கார்ந்து, சில மணி நேரத்தில் கரைந்துவிடும். இன்னொன்று அந்த ஏற்பியைக் கண்டுகொள்ளாமல், ஒரு நொதியையும் ஓர் இழுக்கும் புரதத்தையும் பிடித்துக்கொண்டு, திரும்பி வராத ஓர் இழப்பை உண்டாக்குகிறது. "இந்த மருந்து மூளையில் என்ன செய்யும்?" என்று யாராவது கேட்டால் நான் இந்த இருவரையும்தான் நினைத்துக்கொள்வேன். மருந்து எங்கே போகும் என்பதை உடம்பில் யார் அதைப் பிடிக்கிறார்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது.

எலி ஏன் தப்பித்தது? அதன் மூளை ரத்தக்குழாய்ச் சுவரிலேயே அந்த நொதி நிறைய இருக்கிறது, எம்.பி.டி.பி உள்ளே போகும் முன்பே வாசலில் மின்னூட்டம் பெற்று வெளியே நின்றுவிடுகிறது என்பது ஒரு விளக்கம். குரங்குகள் தப்பவில்லை. 1983இல் அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் குரங்குகளுக்குக் கொடுத்தபோது அவை அப்படியே உறைந்தன, லெவோடோபா கொடுத்தால் அசைந்தன.

மேலே சொன்ன சங்கிலி வெறும் ஊகம் அல்ல. ஒவ்வொரு கண்ணியையும் அறுத்துப் பார்த்திருக்கிறார்கள். மோனோஅமைன் ஆக்சிடேஸ்–பியைத் தடுக்கும் செலிஜிலின் போன்ற மருந்தை முன்னால் கொடுத்துவிட்டு எம்.பி.டி.பி ஏற்றினால் விலங்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. டிரான்ஸ்போர்ட்டரை அடைக்கும் மருந்தை முன்னால் கொடுத்தாலும் டோபமைன் செல்கள் காப்பாற்றப்பட்டன. இரண்டும் சேர்ந்துதான் கதையை முடித்து வைத்தன.

மருத்துவம்

முதல் நோயாளிக்கு லெவோடோபா கொடுத்ததும் உறைந்திருந்த உடல் இளகியது. பேசினார், நடந்தார். இந்த மருந்தின் பின்னே ஒரு நீண்ட பாதை இருக்கிறது, அதன் தொடக்கத்தில் நம் மண்ணின் செடி ஒன்றும் இருக்கிறது. சர்ப்பகந்தா வேரிலிருந்து 1950களின் தொடக்கத்தில் பிரித்தெடுத்த ரெசெர்பினை ரத்தக்கொதிப்புக்குக் கொடுத்தார்கள். அது டோபமைனை அடைத்து வைக்கும் பைகளைக் காலி செய்துவிடும். சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசெர்பின் கொடுத்தபோது அவை காது தொங்க அசையாமல் கிடந்தன. லெவோடோபா செலுத்தியதும் எழுந்து ஓடின. ஆண்டு 1957. டோபமைனுக்கு மூளையில் தனி வேலை உண்டு என்று உலகம் ஒப்புக்கொள்ள அந்த முயல்கள் காரணம். கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. 1960இல் வியன்னாவில் ஹார்னிகீவிச், நடுக்குவாதத்தால் இறந்தவர்களின் மூளையில் டோபமைன் குறைந்திருப்பதைக் காட்டினார். 1967இல் கோட்சியாஸ், லெவோடோபா கலந்த டோபாவைப் பெரிய அளவில் கொடுத்து நோயாளிகளை நடக்க வைத்தார்.

டோபமைனையே ஏன் கொடுக்கக் கூடாது என்று எங்கள் சித்தப்பா ஒருமுறை கேட்டார். நல்ல கேள்வி. டோபமைன் மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரைத் தாண்டாது. லெவோடோபா ஓர் அமினோ அமிலம் என்பதால், உணவிலிருந்து வரும் அமினோ அமிலங்களை ஏற்றிப்போகும் வண்டியில் ஏறி உள்ளே போய்விடும், போன பிறகு டோபமைனாக மாறும். ஆனால் அந்த வண்டியில் இடம் குறைவு. வயிறு நிறையப் பருப்பும் முட்டையும் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டால், புரதத்திலிருந்து வந்த அமினோ அமிலங்களோடு அது போட்டி போட வேண்டும். அம்மா போடும் லெவோடோபா மாத்திரையான சிண்டோபா ஏன் சில மதியங்களில் வேலை செய்யவில்லை என்பது எங்களுக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் புரிந்தது. அதுவரை பார்த்த மருத்துவமனையில் யாரும் இதைச் சொல்லவில்லை. முதலில் அங்கே தோள்பட்டை இறுக்கம் என்றுதான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இப்போது மருத்துவரைக் கேட்டு, சாப்பாட்டுக்கு முன்னால் இடைவெளி விட்டுப் போடுகிறோம். அடுப்படிக்கு மனசும் காலும் ஒன்றாகப் போகும் காலைகள் கூடியிருக்கின்றன.

சான் ஹோசே நோயாளிகளுக்கு அந்த நிம்மதி நீடிக்கவில்லை. வயதான நோயாளிக்கு வருடக்கணக்கில் மெல்ல வரும் சிக்கல்கள் அவர்களுக்கு வாரங்களிலும் மாதங்களிலும் வந்தன. மாத்திரை ஏறும்போது உடம்பு தன் இஷ்டத்துக்கு முறுக்கி நெளிந்தது, இறங்கும்போது மறுபடி கல்லானது. இருவர் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்துக்குப் போய், கருவின் நடுமூளைத் திசுவைத் தங்கள் மூளையில் பதித்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் இந்த ஆய்வுக்கு அரசு நிதி தடைபட்டிருந்தது. 1992இல் வெளியான அறிக்கைப்படி இருவருக்கும் கணிசமான முன்னேற்றம் இருந்தது.

இந்த ஏழு பேரால் கிடைத்தவை

அதுவரை நடுக்குவாதத்துக்கு நல்ல விலங்கு மாதிரி கிடையாது. எம்.பி.டி.பி கொடுத்த குரங்கு அந்தக் குறையைத் தீர்த்தது. 1990இல் மாலன் டீலாங் குழுவினர் அந்தக் குரங்குகளின் மூளையில் சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற சிறு முடிச்சு அளவுக்கு மீறி இரைந்துகொண்டிருப்பதைக் கண்டார்கள். அதை அழித்தபோது விறைப்பு விட்டது. பிரான்சின் கிரெனோபிளில் அலிம் லூயி பெனபிட், அழிக்காமல் மின்முனையால் தூண்டியே அந்த முடிச்சை அடக்கும் சிகிச்சையை வளர்த்தார். இன்று நம் ஊர்ப் பெரிய மருத்துவமனைகளிலும் "டி.பி.எஸ்." என்று செய்யும் அறுவை அதுதான். 2014இல் இருவருக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது.

செலிஜிலினை வைத்து ஒரு பெரிய நம்பிக்கை எழுந்தது. நொதியைத் தடுத்தால் குரங்கு தப்பிக்கிறது, அப்படியானால் மனித நோயையும் மெதுவாக்கலாமே? 1987இல் தொடங்கி 800 நோயாளிகளிடம் சோதித்தார்கள். லெவோடோபா தேவைப்படும் நாள் தள்ளிப்போனது உண்மை. ஆனால் செல்கள் காக்கப்பட்டதாலா, மூளையில் இருக்கும் டோபமைன் உடையாமல் நின்றதாலா என்பதைப் பிரிக்க முடியவில்லை. செல்களைக் காக்கும் மருந்தாக அது நிற்கவில்லை. துணை மாத்திரையாக, அதன் தம்பி ரசாஜிலினோடு, இன்றும் எழுதிக் கொடுக்கிறார்கள்.

இன்னொரு திசையும் திறந்தது. எம்.பி.பி. பிளஸ் முன்பே சைபர்குவாட் என்ற பெயரில் களைக்கொல்லியாகச் சோதிக்கப்பட்டிருந்தது. நம் வயல்களில் கிராமாக்ஸோன் என்று தெரிந்த பாராகுவாட் உருவத்தில் அதற்கு நெருக்கமானது, வேலை செய்யும் விதம் வேறென்றாலும். மைட்டோகாண்ட்ரியாவின் அதே முதல் கண்ணியை அடைக்கும் இன்னொரு பூச்சிக்கொல்லி ரோட்டினோன். அமெரிக்க விவசாயிகளிடம் நடந்து 2011இல் வந்த ஆய்வில், இந்த இரண்டில் ஒன்றைப் பயன்படுத்தியவர்களுக்கு நடுக்குவாதம் இருப்பதற்கான வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு. இலங்கை பாராகுவாட்டை 2008 தொடங்கிப் படிப்படியாக நிறுத்தியது. அங்கே காரணம் தற்கொலைச் சாவுகள். கை உறைகூட இல்லாமல் மருந்தடிக்கும் நம் கூலியாட்களின் நரம்புகளைப் பற்றி யாரும் கணக்கு வைப்பதில்லை என்பது எனக்குப் பொறுக்க முடியாத விஷயம்.

எம்.பி.டி.பியைத் தொட்டும் ஏழு பேரைப் போல உறையாதவர்களும் இருந்தார்கள். 1985இல் அவர்களில் சிலரை, மூளை வேலை செய்வதைப் படமெடுக்கும் பெட் ஸ்கேனில் பார்த்தபோது, அறிகுறி எதுவும் இல்லாமலே டோபமைன் அமைப்பு மெலிந்திருந்தது தெரிந்தது. மூளை பெரும் இழப்பைச் சமாளித்துக்கொண்டு வெளியே காட்டாமல் இருக்கும். காட்டும்போது பாதிக்கு மேல் போயிருக்கும்.

1999இல் லாங்ஸ்டன், இறந்துபோன மூன்று நோயாளிகளின் மூளைகளைப் பற்றி எழுதினார். ஊசி போட்டதற்கும் இறந்ததற்கும் இடையே 3 முதல் 16 ஆண்டுகள். மூவருக்கும் நைக்ராவின் கருத்த செல்கள் மிதமான அளவிலிருந்து கடுமையான அளவுவரை குறைந்திருந்தன. வழக்கமான நடுக்குவாதத்தில் செல்களுக்குள் தென்படும் லூயி உருண்டைகள் ஒன்றுகூட இல்லை. ஆனால் மிஞ்சியிருந்த செல்களைச் சுற்றி மைக்ரோகிளியா என்ற காவல் செல்கள் இன்னும் குழுமியிருந்தன, செல்கள் அப்போதும் செத்துக்கொண்டிருந்த அடையாளங்களோடு. எம்.பி.டி.பி அந்த உடல்களை விட்டுப்போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன.